கதிரை கிடைக்காதவர்கள் கட்டிய இசை
மொன்றியல் வாத்தியக் கலைஞர் வரலாற்றில் சில பக்கங்கள்

சித்திரை பிறக்கும்போது எங்கள் ஊரில் வேம்பு பூத்திருக்கும். மொன்றியலில் அதே நாட்களில் சேன்ற் லோறன்ஸ் ஆற்றின் கரையோரத்தில் பனிக்கட்டி கரைந்துகொண்டிருக்கும். இன்று ஆண்டு முழுவதும் கப்பல் வந்து போகிற இந்தத் துறைமுகம், 1964ஆம் ஆண்டு வரை ஒவ்வொரு மாரியிலும் மூடியே கிடந்தது. ஆறு உறைந்தால் கப்பல் இல்லை. கப்பல் இல்லையென்றால் மூட்டை இறக்க வேலையும் இல்லை. இளவேனிலில் வரும் முதற் கப்பலின் கப்தானுக்கு மரியாதை செய்யும் வழக்கம் 1840இல் தொடங்கியது. ஆரம்பத்தில் தொப்பி கொடுத்தார்கள். பின்னர் தங்கப் பிடி போட்ட கைத்தடி கொடுத்தார்கள். அந்த முதற் கப்பலைத் துறைமுகத் தொழிலாளர் எவ்வளவு ஆவலோடு எதிர்பார்த்திருப்பார்கள் என்பதை, வேலைக்காகக் காத்திருந்து பழகிய எங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

துறைமுகத்தில் அந்நாளில் நிரந்தர வேலை என்று பெரும்பாலானவர்களுக்கு இருக்கவில்லை. காலையில் வாசலில் போய் நிற்பார்கள். மேற்பார்வையாளர் ஆட்களைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். பெயர் கூப்பிடப்பட்டவனுக்கு அன்றைக்குச் சோறு. மற்றவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இதே முறையில், இதே நகரத்தில், துறைமுகத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி இன்னொரு கூட்டமும் வாழ்ந்தது, இன்றும் வாழ்கிறது. அவர்கள்தான் வாத்தியக் கலைஞர்கள். வயலின், செல்லோ, கிளாரினெற், ஒபோ, கொம்பு என்று பல வருடம் படித்துத் தேறியவர்கள். ஆனால் எந்த இசைக்குழுவிலும் நிரந்தரக் கதிரை இல்லாதவர்கள். தொலைபேசி அடித்தால் வேலை. ஆங்கிலத்தில் இவர்களைப் பிறீலான்ஸ் என்பார்கள்; இங்கே பிரெஞ்சில் பிஜிஸ்ற் என்பார்கள்.

இவர்களின் சரித்திரத்தை எங்கள் புத்தாண்டு மலரில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. இன்றைக்கு எங்கட பிள்ளையள் பலர் பள்ளிக்கூடத்து வாத்தியக் குழுக்களில் வாசிக்கிறார்கள். சனிக்கிழமைகளில் மிருதங்கம், வீணை, வயலின் பழகுகிறார்கள். அரங்கேற்றமும் செய்கிறார்கள். பதினேழு வயதில் அதில் ஒரு பிள்ளை வந்து, "அம்மா, நான் சங்கீதத்தையே தொழிலாகப் படிக்கப் போறன்" என்று சொன்னால் வீடு நிசப்தமாகிவிடுகிறது. "உந்தப் படிப்பால என்ன வருமானம்? நாங்கள் கஷ்டப்பட்டு வந்தது இதுக்கோ?" என்ற கேள்வி எழுகிறது. அது அநியாயமான கேள்வி அல்ல. ஆனால் அதற்கு நேர்மையான பதில் ஒன்று இந்த நகரத்தின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

பேசும் படமும் பட்டினியும்

1920களில் மொன்றியலில் ஒரு வாத்தியக் கலைஞனின் வயிற்றை நிரப்பியது சிம்பொனி அல்ல, சினிமா. அது ஊமைப் படக் காலம். திரையில் படம் ஓட, மேடைக்குக் கீழே ஒரு குழு இருந்து வாசிக்க வேண்டும். பெரிய தியேட்டர்களில் முழு வாத்தியக் குழு. சின்னவற்றில் பியானோவும் வயலினும். இதைவிட ஹோட்டல்களில் சாப்பாட்டு நேரத்துக்கு வாசிப்பு, நடன மண்டபங்கள், கோயில் திருமணங்கள் என்று நாலு இடத்தில் ஓடித் திரிந்தால் குடும்பம் நடத்தலாம்.

1927இல் பேசும் படம் வந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் தியேட்டர்களிலிருந்த இசைக்குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. அதே நேரத்தில் 1929இன் பொருளாதார வீழ்ச்சியும் வந்து சேர்ந்தது. இருபது வருடம் வயலின் பிடித்த கைகள் ஒரே மாதத்தில் வேண்டாதவை ஆகின. ஒரு யந்திரம் வந்து தொழிலைப் பறிப்பது இன்றைக்குத்தான் புதிது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேலை இழந்த அந்தக் கலைஞர்கள் என்ன செய்தார்கள்? 1930இல் தாங்களே சேர்ந்து ஓர் இசைக்குழுவை அமைத்தார்கள். மக்கில் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைத் தலைவர் டக்ளஸ் கிளார்க் அதை வழிநடத்தினார். 'மொன்றியல் ஓக்கெஸ்ற்றா' என்ற பெயரில் 1941 வரை அது இயங்கியது. ஒரு செல்வந்தரோ ஓர் அரசாங்கமோ "எங்கள் நகரத்துக்கு ஒரு சிம்பொனி வேண்டும்" என்று முதலில் நினைக்கவில்லை. வேலை போனவர்கள்தான் நினைத்தார்கள்.

அந்தக் குழு ஆங்கிலம் பேசுவோரின் கைகளிலேயே பெரும்பாலும் இருந்தது. தங்கள் நகரத்திலே, தாங்களே பெரும்பான்மையாக இருந்தும், தங்கள் கலைஞருக்கும் தங்கள் ரசிகருக்கும் உரிய இடம் இல்லை என்று பிரெஞ்சு மக்கள் குறைப்பட்டார்கள். இந்த மனத்தாங்கல் எங்களுக்கு நன்றாக விளங்கும். அவர்கள் குறைப்பட்டதோடு நிற்கவில்லை. அன்ரோனியா நன்ரெல் என்ற அம்மையாரும் அவருடைய கணவர், கியூபெக் அரசில் செயலாளராக இருந்த அத்தனாஸ் டேவிட்டும் முன்னின்று உழைத்தார்கள். 1935 ஜனவரி 14ஆம் திகதி பிளாற்றோ மண்டபத்தில் புதிய குழுவின் முதற் கச்சேரி நடந்தது. அந்தக் குழுதான் இன்று உலகம் அறிந்த மொன்றியல் சிம்பொனி இசைக்குழு.

அதன் முதலாவது கலை இயக்குநர் வில்பிறிட் பெல்ற்றியே. 1896இல் இந்த நகரத்தில் ஒரு பேக்கரிக்காரரின் மகனாகப் பிறந்தவர். நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஒப்பெராவில் இசை நடத்துநராக உயர்ந்தவர். அவர் செய்த இன்னொரு காரியம் இதைவிடப் பெரியது என்பேன். 1942இல் கியூபெக் அரசு நிறுவிய இசைக் கல்லூரியை முதல்வராக இருந்து கட்டியெழுப்பினார். அக்கல்லூரியில் ஆரம்பத்தில் கட்டணமே இல்லை. தேர்வில் தேறினால் போதும். பேக்கரிக்காரரின் மகனும் துறைமுகத் தொழிலாளியின் மகளும் படிக்கலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

சமையலறையிலிருந்து வந்த நாற்பதுகளின் பெண்கள்

ஆனால் இந்த இரண்டு குழுக்களிலும் ஒரு சாராருக்குக் கதிரை கிடைப்பது மிக அரிதாக இருந்தது. அவர்கள் பெண்கள். பெண் பிள்ளை பியானோ படிக்கலாம், வீட்டில் விருந்தினருக்கு வாசிக்கலாம். கல்யாணச் சந்தையில் அது ஒரு தகுதி. ஆனால் சம்பளத்துக்கு ஊதுகுழலோ மேளமோ வாசிப்பதா? அடக்கம் இல்லாத செயல் என்றார்கள். எங்கள் ஊரில் சொல்வது போலவே இருக்கிறதல்லவா?

எத்தல் ஸ்ரார்க் 1910இல் மொன்றியலில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வயலின் வித்துவான். பிலடெல்பியாவின் கேர்ட்டிஸ் கல்லூரியில் பிறிட்ஸ் றைனரிடம் இசைக்குழுவை நடத்தும் கலையைக் கற்றவர். 1940இல் மட்ஜ் போவன் என்ற வயலின் கலைஞர் அவரை அணுகி, பெண்களுக்கென்று ஒரு சிம்பொனி தொடங்குவோம் என்று கேட்டார். ஸ்ரார்க் சம்மதித்தார். விண்ணப்பிக்க எந்தத் தகுதியும் தேவையில்லை. இனம், மதம், மொழி, பணம் எதுவும் பார்க்கப்படாது, வாசிக்க மனமிருந்தால் வரலாம் என்பது ஏற்பாடு.

வந்தவர்கள் யார்? பணக்கார வீட்டுப் பெண்களும் வந்தார்கள். அவர்களின் வீடுகளில் வேலை செய்வது போன்ற தொழில் பார்த்த பெண்களும் வந்தார்கள். பிரெஞ்சு, ஆங்கிலம், யூதர், கறுப்பினத்தவர் என்று எல்லோரும் ஒரே வரிசையில் இருந்தார்கள். வயலின் வாசிக்கத் தெரிந்தவர்கள் தாராளமாக இருந்தார்கள். ஊதும் வாத்தியங்களுக்கு ஆள் இல்லை, ஏனென்றால் அவற்றைப் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆகவே பியானோ வாசித்தவர் கொம்பு பழகினார், வயலின் வாசித்தவர் ஒபோ பழகினார். ஒத்திகைக்கு மண்டபம் இல்லை. நிலக்கீழ் அறைகளிலும் கிடைத்த இடங்களிலும் குளிருக்குள் இருந்து பழகினார்கள். சம்பளம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியிருந்தும் தொடங்கிய அதே 1940 ஜூலையில் மவுண்ற் றோயல் மலைமேல் முதற் கச்சேரி நடந்தேறியது.

ஏழு வருடம் கழித்து, 1947 ஒக்ரோபர் 22ஆம் திகதி, இந்தப் பெண்கள் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் வாசித்தார்கள். அதுவரை எந்தக் கனடிய சிம்பொனிக் குழுவும் அந்த மேடையில் ஏறியதில்லை. நகரத்தின் பெரிய குழுவுக்கு முன்னரே, கதிரை மறுக்கப்பட்டவர்களின் குழு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது!

அன்று மேடையில் கிளாரினெற் வாசித்தவர்களில் ஒருவர் வயலற் கிறான்ற். கனடாவின் சிம்பொனிக் குழு ஒன்றில் இடம்பெற்ற முதலாவது கறுப்பினக் கலைஞர் இவர் என்று வரலாறு பதிந்திருக்கிறது. மொன்றியலின் கறுப்பின மக்கள் அந்நாளில் பெரும்பாலும் வாழ்ந்தது லஷீன் கால்வாய்க்கும் புகையிரதப் பாதைகளுக்கும் அருகிலிருந்த சேன்ற் அன்ரவான் பகுதியில். இன்று லிற்றில் பேர்கண்டி என்று அழைக்கப்படும் அதே இடம். ஆண்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் புகையிரதத்தில் போர்ட்டர் வேலை. அந்தப் பகுதியிலேதான் 1925இல் ஒஸ்கார் பீற்றர்சன் பிறந்தார். அவருடைய தகப்பன் டானியல் முன்னர் கப்பலில் தொழில் செய்தவர். தானாகவே வாத்தியம் பழகியவர். கரை சேர்ந்து போர்ட்டராக வேலை பார்த்துக்கொண்டே ஐந்து பிள்ளைகளுக்கும் சங்கீதம் புகட்டியவர். மூத்தவர்களில் ஒருவரான டெய்சி பின்னர் அயலிலுள்ள எத்தனையோ பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். ஒஸ்கார் உலகப் புகழ் பெற்ற ஜாஸ் மேதையானார். ஆனால் அந்தத் தெருவுக்கு டெய்சி செய்த சேவையும் சிறிதல்ல.

பெண்கள் சிம்பொனிக்குப் போதிய பண உதவி ஒருநாளும் கிடைக்கவில்லை. 1960களில் அது கலைந்தது. அதற்குள் அதில் பழகிய பலர் மற்றைய குழுக்களில் இடம் பிடித்துவிட்டார்கள், கதவு திறந்துவிட்டது. ஸ்ரார்க் அம்மையார் 101 வயது வரை வாழ்ந்து 2012இல் காலமானார். 2016இல் மொன்றியல் நகரசபை ஒரு பூங்காவுக்கு அவருடைய பெயரைச் சூட்டியது.

பதிலாளாக வந்த பம்பாய் இளைஞன்

வாத்தியத் தொழிலில் 'பதிலாள்' என்பது முக்கியமான சொல். ஒருவருக்குச் சுகமில்லை, ஒருவருக்குப் பிள்ளை பிறக்கிறது, ஒருவர் விடுமுறையில் போகிறார். அந்த வெற்றுக் கதிரைக்கு வேறொருவர் உடனே வேண்டும். பிறீலான்ஸ் கலைஞரின் தொழில் இந்த வெற்றுக் கதிரையில்தான் தொடங்குகிறது. கலைஞருக்கு மட்டுமல்ல, குழுவை நடத்துபவருக்கும் இதுவே விதி.

1960இல் மொன்றியல் சிம்பொனியின் இயக்குநர் இகோர் மார்க்கேவிச் சுகவீனமுற்றார். அவருக்குப் பதிலாக 24 வயது இளைஞன் ஒருவனை அழைத்தார்கள். பெயர் சுபின் மேத்தா, பம்பாய்ப் பார்சி. அந்தப் பதில் வேலை பிடித்துப்போய், 1961இல் அவரையே இயக்குநராக நியமித்தார்கள். 1967 வரை அவர் இங்கே இருந்தார். 1962இல் குழுவை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார்; கனடிய சிம்பொனி ஒன்று ஐரோப்பியப் பயணம் போனது அதுவே முதற்தடவை. 1963 செப்ரெம்பரில் பிளாஸ் டெ சார் மண்டபம் திறக்கப்பட்டபோது பெல்ற்றியேயோடு சேர்ந்து கச்சேரியை நடத்தியவரும் அவரே.

மேத்தாவின் வெற்றியைச் சொல்வது இலகு. அதற்குப் பின்னால் தகப்பனின் கதை இருக்கிறது. மெலி மேத்தா 1935இல் பம்பாயில் ஒரு சிம்பொனியை உண்டாக்கிய வயலின் கலைஞர். மேற்கத்திய வாத்தியத்தை நம்பி இந்தியாவில் வாழ்வது எவ்வளவு சிரமம் என்பதை அனுபவித்தவர். 1945இல் குடும்பத்தை விட்டு நியூயோர்க் போய்ப் படித்தார். 1950களில் இங்கிலாந்தின் மன்செஸ்ரரில் ஹலே இசைக்குழுவில் வாசித்தார். பின்னர் அமெரிக்கா போய் பிலடெல்பியாவிலும் லொஸ் ஏஞ்சல்ஸிலும் உழைத்தார். ஊர் ஊராகக் கதிரை தேடிய வாழ்க்கை அது. ஆகவே மகன் வைத்தியத்துறைக்குப் போவதென்று முடிவாகி, பம்பாய்க் கல்லூரியில் அதற்கான படிப்பும் தொடங்கியது. இடையில் விட்டுவிட்டு 1954இல் வியன்னா போனார் சுபின். அங்கே 1956இல் ஹங்கேரியிலிருந்து அகதிகள் எல்லை கடந்து வந்தபோது, மாணவர்களைச் சேர்த்து ஒரு வாரத்துக்குள் ஒரு குழுவை அமைத்து, அகதி முகாமில் கச்சேரி நடத்தினார். முகாமில் இருந்தவர்களுக்கு அன்று அது என்ன ஆறுதலைக் கொடுத்திருக்கும் என்பது முகாம் வாழ்க்கை தெரிந்த எங்களில் பலருக்கு விளங்கும்.

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம். வி. லட்சுமிநாராயணா என்ற வயலின் வித்துவான் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து சங்கீதம் கற்பித்தவர். 1958 கலவரம் அவருடைய குடும்பத்தையும் விடவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனார்கள். மூன்று ஆண்பிள்ளைகள்: எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர். மூவரும் வயலின். மூத்தவர் தமிழ்த் திரைப்படங்களுக்கு இசையமைத்தார். இளையவர் 1970களில் 'சக்தி' குழுவில் உலகம் சுற்றினார். நடுவிலான் சுப்பிரமணியம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் பட்டமும் பெற்று, அதன் பின் கலிபோர்னியா சென்று மேற்கத்திய இசையில் முதுகலை முடித்தார்.

1985இல் நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழுவுக்காகச் சுப்பிரமணியம் வேத இசையை ஆதாரமாகக் கொண்டு ஒரு படைப்பை எழுதித் தானே வயலின் வாசித்தார். அந்தக் குழுவை நடத்தியவர் சுபின் மேத்தா. மருத்துவப் படிப்பை இடையில் விட்டவரும், அதை முடித்தும் வயலினை விடாதவரும் ஒரே மேடையில். ஒருவர் மொன்றியலுக்குப் பதிலாளாக வந்து தொடங்கியவர். மற்றவர் 1958இல் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிய சிறுவன். அகதியாய் வெளிக்கிட்ட வீட்டிலிருந்து இப்படி ஒன்று நடக்கலாம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

மேளம் பிடித்த நாங்கள்

பிறீலான்ஸ் என்ற சொல் எங்களுக்குப் புதிது, தொழில் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் கோயில் திருவிழாவுக்கு 'மேளம் பிடிக்கிறது' என்று சொல்லுவோம். தர்மகர்த்தா அல்லது உபயகாரர் போய் அச்சாரம் கொடுத்து நாள் குறிப்பார். நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம், சுருதி என்று குழு சேரும். நல்ல தவில்காரருக்கு வேறு இடத்தில் அச்சாரம் விழுந்துவிட்டால், இணுவிலிலோ அளவெட்டியிலோ இருந்து பதிலாள் வரவேண்டும். திருவிழாக் காலத்தில் நித்திரை கிடையாது. மார்கழியில் கல்யாணம் இல்லை, கையில் காசும் இல்லை. மொன்றியல் பிறீலான்ஸ்காரரின் நாட்காட்டியும் இதே அச்சுத்தான். கிறிஸ்மஸுக்கு முன்னால் ஓடித் திரிய வேண்டும்; ஜனவரியில் தொலைபேசி அடியாது.

இந்த முறைக்குள்ளிருந்துதான் தவில் மேதை தட்சிணாமூர்த்தி வந்தார். 1933இல் பிறந்து 1975இல் மறைந்த அவர், தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வர வித்துவான்களும் விரும்பி அழைத்த கலைஞர். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தை அறியாதவர் எங்களில் யார்? ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நாங்கள் அவர்களின் வாசிப்பை விடிய விடியக் கேட்டோம். அவர்களின் பரம்பரைக்குச் சபையில் சரியாசனம் கொடுக்கத் தயங்கினோம். 'மேளகாரர்' என்ற சொல்லைத் தொழிலின் பெயராக மட்டும் நாங்கள் பாவிக்கவில்லை. இன்று எங்கள் பிள்ளை சங்கீதத்தைத் தொழிலாக எடுக்கிறேன் என்றதும் நெஞ்சு பதைப்பதற்கு வருமானப் பயம் மட்டுமா காரணம்? அந்தப் பழைய எண்ணத்தின் மிச்சமும் கொஞ்சம் இருக்கிறது. மொன்றியலில் பெண்களை மறித்த எண்ணமும் இதன் உறவினர்தான்.

இன்றைய கணக்கு

சரி, இன்று இந்த நகரத்தில் நிரந்தரக் கதிரை இல்லாத ஒருவர் எப்படிச் சீவிக்கிறார்?

முதலில், நிரந்தரக் கதிரை எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். பெரிய குழுவில் ஒரு கதிரை காலியாவது அருமை. ஒருவர் ஓய்வுபெற முப்பது வருடமும் ஆகலாம். காலியானால் தேர்வு நடக்கும். தேர்வின் ஆரம்பச் சுற்றுகளில் திரை போட்டு மறைப்பது வட அமெரிக்காவில் 1970கள் முதல் பரவிய வழக்கம். திரைக்குப் பின்னால் இருப்பவர் ஆணா பெண்ணா, கறுப்பா வெள்ளையா, பெயர் வாயில் நுழையுமா நுழையாதா என்பது நடுவருக்குத் தெரியாது. கேட்பது வாத்தியம் மட்டும். நீண்ட பெயர் காரணமாக வேலை விண்ணப்பங்கள் பதிலின்றிப் போன அனுபவமுள்ள எங்களுக்கு இந்தத் திரை ஒரு நல்ல செய்தி.

ஆனால் பதிலாள் வேலைக்குத் திரை இல்லை. அது பட்டியலில் நடப்பது. குழுவின் ஆள் சேர்ப்பவரிடம் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும். மேலே இருப்பவரை முதலில் கூப்பிடுவார். ஆகவே முதலில் பட்டியலில் ஏற வேண்டும். பிறகு இறங்காமல் இருக்க வேண்டும். அதற்கு வாசிப்புத் திறமை பாதிதான். ஒத்திகைக்குக் கால் மணி முன்னரே போய் இருத்தல், இசைக்குறிப்பை வீட்டில் படித்துவிட்டு வருதல், பக்கத்தில் இருப்பவரோடு சுமுகமாகப் பழகுதல், ஒப்புக்கொண்ட நாளை வேறு பெரிய வேலைக்காகக் கைவிடாதிருத்தல் ஆகியவை மற்றப் பாதி. மேளம் பிடித்த காலத்திலும் அச்சாரம் வாங்கிப் போட்டு வராமல் விட்டவரை மறுவருடம் யார் கூப்பிட்டார்கள்?

இரண்டாவது, ஒரே குழுவை நம்பி இருக்க முடியாது. லாவால், லோங்கை, துறுவா றிவியேர், ஷெர்புறூக், கியூபெக் நகரம் என்று சுற்றவர இசைக்குழுக்கள் உண்டு. வாத்தியத்தைக் காரில் போட்டுக்கொண்டு 20ஆம், 40ஆம் நெடுஞ்சாலைகளில் ஓடுகிறவர்கள் இவர்கள். ஒப்பெரா, பலே நடனம், திரைப்பட ஒலிப்பதிவு, கல்யாண வீடு, செத்த வீடு, கோயில் எல்லாம் இதில் சேரும். பழைய துறைமுகத்தில் கோடை காலத்தில் சேர்க் டு சொலேய் கூடாரம் அடிக்கிறபோது, உள்ளே நேரில் வாசிப்பவர்களும் வாத்தியக் கலைஞர்களே. இவற்றோடு பெரும்பாலும் எல்லோரும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள். மாத முடிவில் வீட்டு வாடகையைக் கட்டுவது பல வீடுகளில் இந்தப் படிப்பித்தல்தான்.

மூன்றாவது, தனி ஆளாய் இருந்தாலும் சங்கம் வேண்டும். கியூபெக் வாத்தியக் கலைஞர் சங்கம் வட அமெரிக்கச் சம்மேளனத்தின் 406ஆம் கிளை. 1987இல் கியூபெக் அரசு கலைஞர் அந்தஸ்துச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி, முதலாளி இல்லாத சுயதொழில் கலைஞர்களுக்காகவும் சங்கம் பேரம் பேசி ஆகக் குறைந்த கூலியை ஒப்பந்தமாக்கலாம். ஆனாலும் சுயதொழில் என்றபடியால், வேலை இல்லாத காலத்துக்குச் சாதாரண வேலையிழப்புக் காப்புறுதி கிடையாது. 2020 மார்ச்சில் கொரோனா காரணமாக எல்லா மண்டபங்களும் மூடப்பட்டபோது இந்த ஓட்டை எல்லோருக்கும் தெரிந்தது. அரசு அவசர உதவி கொடுத்திராவிட்டால் பலர் வாத்தியத்தை விற்றிருப்பார்கள். நிரந்தரக் கதிரையில் இருப்பவர்களுக்கும் எல்லாம் நிரந்தரமல்ல. 2005இல் மொன்றியல் சிம்பொனிக் கலைஞர்கள் ஒப்பந்தத்துக்காக ஐந்து மாதமளவில் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

இப்படியான நகரத்தில் புதியவர்கள் செய்தது என்ன? பழைய கதைதான். இசைக் கல்லூரிகளில் படித்து முடித்து வேலை இல்லாதிருந்த இளைஞர்களுக்காக 1981இல் மெற்றோபொலித்தான் இசைக்குழு தொடங்கப்பட்டது. இன்று உலகம் தேடும் யனிக் நெஸே செகன் 2000இல் அதன் தலைமையை ஏற்று அங்கேதான் வளர்ந்தார். 1970களில் சோவியத் நாட்டை விட்டு இங்கே வந்து சேர்ந்த செல்லோ கலைஞர் யூலி துரோவ்ஸ்கி 1983இல் 'இ மூசிச்சி' என்ற சிறு குழுவை அமைத்தார். 2013இல் அவர் மறைந்த பின்னும் அது வாசிக்கிறது. புதிதாக வந்த ஒருவர் பத்து வருடம்கூடக் காத்திருக்காமல் இந்த நகரத்துக்கு ஒரு குழுவையே கொடுத்துவிட்டார்!

கப்பற் சங்குகளின் கச்சேரி

துறைமுகத்துக்கு வருவோம். 1642இல் மொன்றியல் நகரம் தொடங்கிய இடத்தில் இன்று பொயின்ற் அ கலியேர் அரும்பொருட்காட்சிச்சாலை நிற்கிறது. 1995இல் அவர்கள் ஒரு புதுமை செய்தார்கள். மாரி முடிகிற நாட்களில், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் சங்குகளையும், புகையிரத ஊதல்களையும், கோயில் மணிகளையும் வாத்தியங்களாக வைத்து, முறையாக எழுதப்பட்ட ஒரு 'துறைமுக சிம்பொனி'யை நடத்தினார்கள். பின்னர் அது வருடந்தோறும் வரும் நிகழ்ச்சியானது. சனங்கள் குளிருக்குள் நின்று கேட்பார்கள். கையுறை போட்ட கைகளால் தட்டுவார்கள்.

கப்பற் சங்கு என்றால் எங்களில் சிலருக்கு வேறு நினைவு வரும். 1986 ஓகஸ்ற்றில் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் விடப்பட்டுத் தத்தளித்து, மீனவர்களால் காப்பாற்றப்பட்டார்கள். அங்கிருந்து மொன்றியலுக்கும் றொறன்ரோவுக்கும் வந்தார்கள். மூடுபனிக்குள் ஒரு படகின் சத்தம் கேட்காதா என்று காத்திருந்தவர்கள் அவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்நகரங்களின் பள்ளிக்கூடங்களில் படிக்கிற வயதில் இருக்கிறார்கள்.

நாங்கள் செய்யக்கூடியவை

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சங்கீதம் படிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் சிம்பொனியில் கதிரை கிடைக்கும் என்று இந்தச் சரித்திரம் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்காது. கிடைக்காதவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதைக் கட்டினார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. ஆகவே பிள்ளை கேட்டால் உடனே "வேண்டாம்" என்னாமல், "எந்தக் குழுக்களில் வாசிப்பாய்? யாரிடம் படிப்பாய்? படிப்பிக்கவும் பழகுவாயா? கணக்கு வைக்கத் தெரியுமா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை யோசித்துத்தான் கேட்டிருக்கிறது.

சங்கத்துக்கு ஒரு வார்த்தை. எங்கள் அரங்கேற்றங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் மிருதங்கமும் வயலினும் வாசிக்கிற இளையவர்கள் எங்கட சொந்தப் பிறீலான்ஸ் கலைஞர்கள். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் படம் பிடிப்பவருக்கும் முற்பணம் கட்டுகிற நாங்கள், பக்கவாத்தியக்காரருக்குப் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, "எங்கட பிள்ளைதானே" என்று அனுப்பிவிடுகிறோம். பொன்னாடையால் வீட்டு வாடகை கட்ட முடியாது. இந்தப் புத்தாண்டிலிருந்து சங்கம் நடத்தும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும், உள்ளூர்க் கலைஞருக்கு என்ன கூலி என்பதை முன்கூட்டியே எழுத்தில் தீர்மானித்து, நிகழ்ச்சி முடிந்த அன்றே கையில் கொடுக்க வேண்டும். இரண்டாவதாக, ஒரு சிறு வாத்திய நிதி. நல்ல வயலின் ஒன்று ஒரு பழைய காரின் விலை. ஐந்து வாத்தியங்களை வாங்கி, வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கென்று இரவல் கொடுத்தால், அகதியாக வந்து இப்போதுதான் காலூன்றுகிற குடும்பத்துப் பிள்ளையும் படிக்கலாம். கட்டணமில்லாத கல்லூரியைப் பெல்ற்றியே கேட்டு வாங்கினார். எங்களால் ஐந்து வயலின் வாங்க முடியாதா?

இப்படிச் செய்தால், எங்கள் அடுத்த மலர்களில் ஒன்றில், மொன்றியல் இசைக்குழு ஒன்றின் வரிசையில் இருக்கும் தமிழ்ப் பிள்ளை ஒருவர் தன் அனுபவத்தைத் தானே எழுதலாம். அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.